மூன்றாம் ஓலை

“ஹெல்மெட்ட கழட்டிட்டு உள்ள போ நைனா, இங்க யாரும் உன்ன படம் புடிக்கல” என்றார் வாசலில் இருந்த காவலாளி.

கழற்றினேன். உள்ளே முகக்கவசம் இருந்தது. அதற்குமேல் கூலிங்கிளாஸ். அடையாளம் தெரியக் கூடாது என்று இவ்வளவு ஏற்பாடு செய்திருந்ததால், வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கீழ்க்கட்டளையில் குடியிருப்பவன் தாம்பரத்தையும் தாண்டி இந்த அரசு மருத்துவமனைக்கு வந்ததற்குக் காரணம், இங்கே என்னை யாருக்கும் தெரியாது. வழியில் பீர்க்கன்கரணை வந்தபோது மட்டும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். நான் கட்டப்போகிற பெண்ணின் வீடு அங்கேதான்.

ரகசியம் காப்பதில் அரசாங்கம் என்னைவிடக் கெட்டி. பால்வினை நோய்ப் பிரிவுக்கு ‘சுகவாழ்வு மையம்’ என்று பெயர் வைத்து, வராந்தாவின் கடைசி அறையில் ஒளித்துவைத்திருந்தார்கள். அதனால் மூன்று பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஆளுக்குக் காது மந்தம்.

சீட்டுப் போடும் இடத்தில் பெயர் கேட்டார்கள். பொன்னுசாமி என்றேன். திருமுடிவாக்கத்தில் எங்கள் பட்டறை ஃபோர்மேன் பெயர் அது. ஓய்வு பெறும் வயதில் தனக்கு இப்படி ஒரு பெருமை சேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

உள்ளே ஆலோசகர் அம்மா கத்தரிக்காய் விலை கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்டார். யாரோடு, எப்போது, ஆணுறை போட்டீர்களா. திட்டு வாங்கத் தயாராக வந்தவனுக்கு இது பெரிய ஏமாற்றம். ரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

அந்த ஒரு மணி நேரம்தான் பேஜார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்றாம் ஓலை; கல்யாண அறிவிப்பைச் சபையில் மூன்று வாரம் வாசிக்க வேண்டும். இரண்டு வாரமாக ஆராதனையில் ஆயர் எழுந்து, ஜெபசீலனுக்கும் அபிகாயிலுக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று வாசிக்கிறார். ஆட்சேபணை சொல்லக்கூடிய ஒரே ஆள் மாப்பிள்ளை. அவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

நான்கு வருடத்துக்கு முன் ஓசூரில் மெஷின் பயிற்சிக்குப் போனபோது, நானும் அறையில் கூடத் தங்கியிருந்த பத்ரியும் போகக் கூடாத ஓர் இடத்துக்குப் போனோம். போன வாரம் அவன் போன் செய்து, “மச்சான், எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னுட்டாங்க. நீயும் பாத்துக்கோ” என்றான்.

எனக்கும் இருந்தால் கல்யாணம் நின்றுபோகும். அதைவிட, அதை அபியிடம் நானே சொல்ல வேண்டும். அபி பள்ளிக்கூட டீச்சர். உலகத்தில் இப்படியெல்லாம் அறைகள் இருப்பதே அவளுக்குத் தெரியாது என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் அவள் அப்பா வேதசிரோமணி.

நிச்சயதார்த்தத்தில் நாற்பது பேர் நடுவே, “தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?” என்று கேட்டவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். கூலிங்கிளாஸ் வாங்கிய காசு தண்டம்.

“சுகர் டெஸ்ட், அங்கிள்.”

“எனக்கும் சுகர்தான்” என்றார்.

எதிர்ச் சுவரில் ஆணுறை மாட்டும் முறை ஆறு படங்களில் விளக்கப்பட்டிருந்தது. சர்க்கரை நோயாளிகள் இருவரும் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரே சந்தோஷம். சபை மூப்பர், அறுபத்தெட்டு வயது, இந்த அறை வாசலில்! இனி இந்த மனுஷன் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. நான் மாட்டினால் அவரும் மாட்டுவார்.

கதவு திறந்தது. “சாவித்ரி! பொன்னுசாமி! ரிசல்ட்டு ரெடியா கீது, ஒவ்வொருத்தரா வாங்க.”

யாரும் எழவில்லை. பொன்னுசாமி எப்படி எழுவான், பக்கத்தில் மாமனார்.

“இதோ, நான்தான்” என்றது பின்னால் ஒரு குரல். தினமும் நான் போனில் கேட்கிற குரல்.

அபி. இரண்டு கையிலும் கேன்டீன் காபி.

வேதசிரோமணி முகம் மாறாமல் சொன்னார். “அபி, தம்பிக்கும் சுகராம்.”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு காபியை அப்பாவிடம் கொடுத்தாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

“சர்க்கரை போட்டது.”

முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஒரு வாய் குடித்தேன். சொன்ன பொய்யை வாபஸ் வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் உள்ளே போனாள்.

வேதசிரோமணி காபியைத் தொடவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுமுன் பட்ட சந்தோஷத்தை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்து வந்தாள். விடைத்தாள் கொடுக்கிற டீச்சர் முகம், ஒன்றும் தெரியவில்லை. கையில் நான்காக மடித்த காகிதம் இருந்தது.

“பொன்னுசாமி யாருப்பா? கீறாரா, ஓடிட்டாரா?”

எழுந்தேன். என் கையிலிருந்த காபியை அபி வாங்கிக்கொண்டாள்.

“போய்ட்டு வாங்க, பொன்னுசாமி” என்றாள். “சாவித்ரி இங்கதான் உக்காந்திருப்பா. ஞாயித்துக்கிழமை ஓலையில எந்தப் பேர வாசிக்கச் சொல்றதுன்னு நாம பேசணும்.”