தம்பிக்கு வந்த வேடம்

அறையில் நால்வர் இருக்கிறோம்: என் தம்பி நல்லைநாதன், அவன் மனைவி தவமணி, ஒடென்சே நகரிலிருந்து விருந்தாளியாக வந்திருக்கும் குலேந்திரன், நான். நாங்கள் குடியேறிய எஸ்பியர்க் நகரின் மாரிகால வெளிச்சம் சன்னலில் சாம்பலாக நிற்கிறது. வீடியோவில் யாழ்ப்பாணத்தில் எடுத்த பழைய படம் ஓடுகிறது. நாடா தேய்ந்ததால் கதாநாயகனின் முகத்தில் வெள்ளைக் கோடுகள் நெளிகின்றன. அந்த வேடம் முதலில் தம்பிக்குத்தான் வந்தது. திரையில் கெட்டிமேளம் முழங்க, கதாநாயகன் தாலியை எடுக்கிறான். தம்பியின் விரல்கள் தேநீர்க் கோப்பையை இறுக்கிப் பிடிக்கின்றன. குலேந்திரன் அவன் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். "அண்ணை, இந்தக் கட்டத்திலை கை நடுங்கினதாலைதானே உங்களைப் படத்திலையிருந்து கலைச்சு விட்டவை? சனம் அப்பிடித்தான் கதைக்குது." தவமணி திரையை விட்டுக் கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். "ஓமே? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே!" தம்பி கோப்பையைக் கீழே வைக்கிறான். கோப்பையில் ஆவி அடங்குகிறது. நான் நிமிர்ந்து உட்காருகிறேன். "தவமணி, கேளும். அப்ப இவனுக்குக் கலியாணம் ஆகேல்லை. நடிப்புக்கெண்டாலும் ஒருத்தியின்ரை கழுத்திலை தாலி கட்டமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, மாலையைக் கழற்றி வைச்சிட்டு வந்தவன். இவனை ஒருதரும் கலைக்கேல்லை. கையும் நடுங்கேல்லை."