ஒரே எழுத்துக்காரர்கள்

ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கத்தில் ‘ஜீப்ரா’ என்ற சொல் தனியாக நின்றது. கொஞ்சம் தள்ளிக் குடியிருந்த ‘ஜூ’ என்ற சொல் அதைக் கூப்பிட்டது.

“தம்பி, நீயும் இசட், நானும் இசட். இந்தப் புத்தகத்துல நாம இருக்கிறதே கொஞ்சப் பேர்தான். வீட்டுக்கு வாப்பா, சாப்பாடெல்லாம் என் பொறுப்பு.”

“உங்களுக்கு என்ன அர்த்தம்ணே?”

“சொந்தக்காரன்கிட்ட போய் அர்த்தம் கேட்பாங்களா? எழுத்து ஒண்ணா இருந்தாப் போதாதா?”

ஜீப்ராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “மன்னிச்சுக்கோங்கண்ணே” என்று உள்ளே நுழைந்தது. பின்னாலேயே கம்பிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஜூ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தின பக்கத்தில் நின்ற ‘யாக்’ என்ற சடை எருமையைப் பார்த்துச் சிரித்தது.

“தம்பி, நீ ஒய்தானே? இசட்டுக்கு அடுத்த வீடு. நாமெல்லாம் வேற வேறயா என்ன?”