மைக்செட்

"வாயில பிளாஸ்திரி ஒட்டினாக்கூட, அதைப் பிச்சுப் போட்டுட்டுக் கத்துவா மேடம்!" என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பள்ளி பள்ளியாகப் போய், படிப்பிலும் நடத்தையிலும் தடுமாறும் பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்து, வழி சொல்வது அவர் வேலை.

"அப்படி என்னதான் கத்துறா?"

"சொந்தமா ஒண்ணும் கிடையாது. அடுத்தவங்க சொன்னதைத் திருப்பிக் கத்துவா. ஒருத்தன் சந்தேகம் கேட்டா, அதையே இவ எழுந்து நின்னு கேப்பா. மணி அடிச்சா, 'மணி அடிச்சிருச்சு டீச்சர்'னு ஒரு அலறல். பியூன் வேலையையும் சேத்துப் பாக்குறா! அதான் மைக்செட்னு பேர் வெச்சிட்டேன். இவ ஒருத்தியைத் தவிர, என் கிளாஸ் மாதிரி அமைதியான கிளாஸ் இந்த ஸ்கூல்லயே கிடையாது."

டீச்சர் எதிரில் இருப்பவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். குரல் கணீரென்று அறை முழுக்க நிறைந்தது. மைக்செட்டுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததே இவர்தானோ என்று ஆலோசகருக்குச் சந்தேகம்.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். சாயங்காலம் அவ அம்மா வர்றாங்க. வேற ஸ்கூல் பாத்துக்கங்கன்னு சொல்லிடப் போறேன்."

"எட்டு வயசுக் குழந்தையை நடு வருஷத்துல வெளிய அனுப்பினா, அது மனசு என்ன ஆகும்? சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க" என்றார் ஆலோசகர்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு ஒன்றும் அவ்வளவு அமைதியாக இல்லை. இரண்டு பையன்கள் அழிரப்பருக்குச் சண்டை போட்டார்கள், ஒருத்தி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தன் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும் என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டார்.

டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த பையன், "டீச்சர், தண்ணி குடிக்கப் போகட்டுமா?" என்றான்.

உடனே முதல் பெஞ்சிலிருந்து இரட்டைப் பின்னல் ஒன்று துள்ளி எழுந்தது. "டீச்சர்! இவன் தண்ணி குடிக்கப் போகணுமாம்!"

ஆலோசகருக்கே காது அடைத்துக்கொண்டது.

"ஏன், அவனுக்கு வாய் இல்லையா? நீ உக்காரு!" டீச்சர் பல்லைக் கடித்தார். பிறகு பையனிடம், "போயிட்டு வாடா" என்றார்.

அடுத்த பாடவேளை டிராயிங். அங்கேயும் ஆலோசகர் போனார். அதே மைக்செட், வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு யானைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெண் அந்த டீச்சரிடம் ஏதேதோ கேட்டாள். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆலோசகருக்கு ஆர்வம் தாங்கவில்லை. அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணு, உங்க கிளாஸ் டீச்சர் மேல உனக்குக் கோபமா?"

"சேச்சே! எனக்கு அவங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். கணக்கு தப்பாப் போட்டாக்கூட அடிக்கவே மாட்டாங்க." குரல் இப்போது சாதாரணமாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏம்மா அப்படிக் கத்துறே? திட்டு வாங்குறது கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமாத்தான் இருக்கு."

"காரணத்தை எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

அவள் பாவாடை நுனியைச் சுருட்டினாள். "சொன்னா ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்க."

"யாரும் அனுப்ப மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

மைக்செட் அதை நம்பியதாகத் தெரியவில்லை. எழுந்து யானைக்கு வண்ணம் அடிக்க ஓடிவிட்டாள்.

தலைமையாசிரியையிடம் ஆலோசகர் உள்ளதை உள்ளபடி சொன்னார். "குழந்தைகிட்ட எந்தக் குறையும் இல்லை. டிராயிங் கிளாஸ்ல மூச்சு விடலை. விளையாட்டு டீச்சர்கிட்டயும் கேட்டுட்டேன், ஒரு புகாரும் கிடையாது. இந்த ஒரு கிளாஸ்லதான் இப்படி."

"அப்போ வேணும்னேதான் பண்றா! குறைன்னாலாவது பாவம் பாக்கலாம். இது கொழுப்பு."

ஆலோசகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். காப்பாற்ற வந்து, கடைசியில் அவரே குழந்தையை மாட்டிவிட்டிருந்தார்.

"இன்னொரு வாரம் பாக்கலாமே..."

"போதும் மேடம். போறதுக்கு முன்னாடி அவ டீச்சர்கிட்ட மன்னிப்பாவது கேக்கட்டும்."

தலைமையாசிரியை மைக்செட்டைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தார். ஆலோசகர் பின்னாலேயே ஓடினார். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. டீச்சர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர்" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார் தலைமையாசிரியை.

டீச்சர் திரும்பவில்லை.

"டீச்சர், கொஞ்சம் இங்க பாருங்க."

பக்கம் புரண்டது. சிவப்பு மை ஒரு சரி போட்டது.

"பாத்தீங்களா? எவ்வளவு நொந்துபோயிருந்தா இப்படி முகங்கொடுக்காம இருப்பாங்க!" தலைமையாசிரியை ஆலோசகரை முறைத்துவிட்டு, சிறுமியை முன்னால் தள்ளினார். "ம், மன்னிப்புக் கேளு."

மைக்செட் இருவரையும் பயத்தோடு மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அறையே அதிரக் கத்தினாள். "டீச்சர்! ஹெச்.எம். உங்களைக் கூப்பிடுறாங்க!"

திடுக்கிட்டுத் திரும்பிய டீச்சருக்கு, அவளைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி இந்தக் கத்துக் கத்துற? எனக்கென்ன, காதா கேக்காது?"

தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுக்க, மைக்செட் கண்ணில் நீர் முட்ட அவரை நிமிர்ந்து பார்த்து, 'சொல்லிடாதீங்க' என்பதுபோல உதட்டின் மேல் விரலை வைத்தாள்.