பதினொரு சென்டிமீட்டர்

அது மார்ச்சா ஏப்ரலா என்று அராபாவுக்கு இப்போது சந்தேகம். அளவில் மட்டும் சந்தேகமில்லை.

அப்போது அக்ரா நகர ஆஸ்பத்திரியின் இதய வார்டில் கட்டு மாற்றும் நர்ஸாக இருந்தாள். நெஞ்சைத் திறக்க மற்றவர்கள் இருபது சென்டிமீட்டர் கீறும் இடத்தில் டாக்டர் பாஃபோ பதினொன்றுதான் கீறுவார். அந்தச் சின்னக் கீறலைத் தான் பெற்ற பிள்ளையைப்போல் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொள்வார். அவளுக்கு அந்த ஆளைக் கண்டாலே இளக்காரம்.

அவர் அறுவை செய்த மீனவர் லார்ட்டேயின் காயம் சீழில்லாமல் ஆறியது. ஆனால் தினமும் ஒரு சென்டிமீட்டர் கழுத்தை நோக்கி நீண்டது. நீண்ட பகுதியும் பழைய தழும்பாகவே இருந்தது.

“பதினாறா? டேப் பிடிக்கத் தெரியாதவளெல்லாம் நர்ஸு! நாளைக்கும் இப்படி எழுதினா வீட்டுக்குப் போயிடு, சிஸ்டர்.”

“நீங்களே அளந்து பாருங்க டாக்டர். வெட்டின கைதானே?”

அளந்தார். பதினாறு. அட்டையில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“வெட்ட வந்த தைரியம் எழுத வரலையே,” என்றாள் அராபா.

மறுநாள் அவள் பதினேழு என்று எழுதினாள்.

பாஃபோ இப்போது குமாசி நகரில் மாணவர்களுக்குச் சின்னக் கீறல் பற்றிப் பாடம் நடத்துகிறார். வேலை போன அராபா சந்தையில் கென்கே என்னும் புளித்த மக்காச்சோள உருண்டை விற்கிறாள். லார்ட்டே நலமாக இருக்கிறார். அவளிடம் வாங்கிச் சாப்பிட வரும்போது வாயைச் சிறிதாகத்தான் திறக்கிறார். தழும்பு கீழுதட்டைத் தொட்டுவிட்டது.