சாயம் காயும் வரை

“என் மாமியார் தவறிட்டாங்க சார்” என்று சொல்லும்போது அவள் குரல் நிஜமாகவே உடைந்தது.

அதுவரை போனில் கத்திக்கொண்டிருந்த மொத்த வியாபாரி அடங்கிப்போனார். “அய்யோ, இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?” என்றார். “கூடை எங்க ஓடிடப்போகுது? நிதானமா அனுப்புங்க. அப்பா போனப்போ எனக்கும் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க அனுப்பின அந்தச் சின்னக் கூடை இன்னும் கடை மேஜை மேலதான் இருக்கு.”

அவள் போனை வைத்தாள்.

“யாரும்மா போன்ல? பூதக்கண்ணாடியா?” என்று பக்கத்து அறையிலிருந்து கேட்டாள் மாமியார்.

அது அவர்கள் அந்த வியாபாரிக்கு வைத்திருந்த பெயர். வீட்டுக்குச் சரக்குப் பார்க்க வந்தால், எந்தப் பிரம்புக் கூடையையும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். இம்முறை எல்லாக் கூடைகளையும் பின்னி முடித்த பிறகு, நிறம் இன்னும் கறுப்பாக வேண்டும் என்றார். மறுபடி சாயம் ஏற்றினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

சாயம் காயவில்லை என்று அவள் உண்மையைத்தான் முதலில் சொன்னாள். “மழை உங்க வீட்டுக்கு மட்டுமாம்மா பெய்யுது? முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பார்த்துக்கறேன்” என்றார். அவர்கள் பின்னுவதில் பெரும்பாதி அவர் கடைக்குத்தான் போகிறது. அந்த நொடியில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

எட்டிப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு கூடையாகக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் சாயம்.

போன வருஷம் சரக்குத் தயாரான நாளில்தான் வியாபாரியின் அப்பா தவறிப்போனதாகச் செய்தி வந்தது. இப்போதைக்கு எதுவும் எடுக்க முடியாது என்றார். அந்தப் பருவம் முழுக்க, விற்காமல் அடுக்கிய கூடைகளுக்கு நடுவே இவர்கள் ஒருக்களித்துத்தான் படுத்தார்கள். சாவு வீட்டில் போய் என்ன கேட்பது? அப்பாவின் நினைவாக ஏதாவது வைத்துக்கொள்ளட்டும் என்று, மூடியில் நீல இழை ஓடும் சிறு கூடை ஒன்றைப் பின்னி அனுப்பினாள்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் இந்தப் பொய்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் தும்மினால் திடுக்கிட்டாள். போன் அடித்தால், பேசாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“என்னடி, நான் வாயத் திறந்தா உனக்கு ஆகமாட்டேங்குது?” என்று ஒருநாள் மாமியார் கேட்டேவிட்டாள்.

சொன்னாள். தலை நிமிராமல் சொன்னாள்.

மாமியார் மடியிலிருந்த கூடையைத் திருப்பி, சாயம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எதுல போனேன்?”

“அவர் கேக்கல அத்தை. அதுதான் என்னை அறுக்குது. எதுவுமே கேக்காம நம்பிட்டார்.”

“ம்.” மாமியார் கூடையை மின்விசிறிப் பக்கம் தள்ளினாள். “காஞ்சதும் நாமளே கொண்டுபோய்க் குடுப்போம். நானும் வரேன்.”

“நீங்க எதுக்கு?”

“நீ அங்க போய் வாயத் திறக்கமாட்ட. செத்தவளே வந்து நின்னா, அப்புறம் நீ சொல்லித்தானே ஆகணும்?”

அவர்கள் அந்தக் கடைக்குப் போனதில்லை. எப்போதும் அவருடைய வண்டிதான் வந்து சரக்கை எடுத்துப்போகும். வழி முழுக்க அவள் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். மன்னிப்பார் என்ற எண்ணமில்லை. இனி அவர் ஒரு கூடைகூட வாங்காவிட்டாலும் சரி, அந்த அனுதாபத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கடையில் வியாபாரி இல்லை. மேஜைக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

“பக்கத்துலதான் போயிருக்கான், வந்துடுவான். உக்காருங்க” என்றவர், அவர்கள் இறக்கியதில் ஒன்றை இழுத்துக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலும், மேஜை மேல் கையால் துழாவினார்.

மூடியில் நீல இழை ஓடும் சிறு கூடை. அதைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் மனதுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்தது. “அய்யா... அந்தக் கூடை...”

“இதுவும் நீங்க பின்னினதுதானா? அதானே, கை தெரியுது!” பெரியவர் முகம் மலர்ந்தது. “போன வருஷம் பையன் குடுத்தான். அதுலேருந்து என் கண்ணாடி தொலையறதே இல்லம்மா.”

வாசலில் குடை மடக்கும் சத்தம். “வாங்க...” என்று தொடங்கிய வியாபாரி, பெரியவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் சோற்றுத் தட்டின் முன் அவள் குனிந்ததும் அப்படித்தான்.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மாமியார் நாற்காலியைப் பெரியவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் போன வாரம்தான் செத்தேன். நீங்க எப்போங்க?”