தலையாட்டினால் போதும்

“அது சரி பிள்ளை, ஊரிலை எவடம்?”

வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த என் விரல்கள் நின்றன.

அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெயிலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருந்தேன். காலி வீதி நெரிசலைப் பற்றிக் கொஞ்சம். கலியாணப் பொம்பிளையின் கூறைச்சேலை நிறத்தைப் பற்றி, எனக்கே வியப்பாக, பத்து நிமிடம்.

எல்லாம் என் கணவன் கார்த்திகன் சொல்லித் தந்தவை. பாமன்கடையிலிருந்து இந்த வெள்ளவத்தை மண்டபத்துக்கு ஓட்டோவில் வரும்போதுகூட ஒருமுறை ஒப்புவிக்கச் சொன்னான். வெயில், ட்ராபிக், சேலை. ஊர் கேட்டால் கண்டி. அதற்கு மேலும் கேட்டால், சாப்பாடு எடுக்கப் போகிறேன் என்று எழும்பிவிட வேண்டும்.

எனக்குக் கூச்சம் என்று அவன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

எனக்குக் கூச்சமே கிடையாது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பயந்தேன்.

“கண்டி, அன்ரி.”

நாகேஸ்வரி அன்ரி கதிரையை என் பக்கம் இழுத்தார். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. மூன்று கேள்வியில் ஒருவருடைய கோயிலடி, ஒழுங்கை, கிணறு வரைக்கும் போய்விடுவார் என்று எச்சரிக்கப்பட்டிருந்தேன்.

“கண்டி டவுனோ?”

கண்டி டவுனில் எனக்கு பஸ் ஸ்டாண்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

“ஹற்றன் பக்கம்.”

தூரத்திலிருந்து கார்த்திகன் தாடையால் சாப்பாட்டு மேசையைக் காட்டினான்.

“ஓ! அப்பா அங்கை படிப்பிச்சவரோ? எங்கடை ஆக்கள் கன பேர் அங்கை வாத்திமாராய் இருந்தவை.”

அன்போடுதான் கேட்டார். என் நிறத்தையும் நான் ‘ஓம்’ போட்ட அழகையும் வைத்து, கண்ணெதிரே எனக்கொரு அப்பாவைச் செய்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி கட்டிய, கறுப்புக் குடை பிடித்த, யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வீட்டைப் பூட்டிவிட்டு மலைக்கு வந்த அப்பா.

நான் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. தலையாட்டினால் போதும்.

கலியாணமாகி ஏழு மாதத்தில் ஆறு விசேஷங்களுக்குப் போய்விட்டோம். ஆறிலும் ஆட்டியிருந்தேன்.

காலையில் அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்க எல்லாரும் ஒன்னோட நல்லா பேசுறாங்களாம்மா?

வடையைத் தட்டில் வைத்தேன். ஏழு மாதமாகப் பழகிய பேச்சையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டில் பேசுவதுபோலவே பேசினேன்.

“இல்ல ஆன்டி. எங்கம்மா தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. இந்நேரம் மலையிலதான் நிப்பாங்க. அப்பாவும் தோட்டத்து வேலதான். நான் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளந்த புள்ள. வேற ஏதாச்சும் கேக்கணுமா?”

குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பைப் பாதியில் விட்டார்கள். கார்த்திகன் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்துவிட்டான். அவன் திரும்ப உட்காரும்வரை அவன் முகத்தையே பார்த்தேன். உட்கார்ந்தான்.

இனி அன்ரி எழும்பிப் போவார். போகட்டும். சேலையைச் சரிசெய்துகொண்டு வேறு மேசைக்குப் போய் என்னைப் பற்றிச் சொல்லட்டும். பெயரையும் கேட்டுக்கொண்டு போகட்டும். நான் இந்தக் கதிரையை விட்டு அசைவதாக இல்லை. பாயாசம் வரும், குடிப்பேன், இரண்டாவது கப்பும் கேட்பேன்.

அன்ரி எழும்பவில்லை.

மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கதிரையை இன்னும் நெருக்கி, முழங்கால்கள் முட்டுகிற அளவுக்கு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். காப்புகள் நிறைந்த அந்தக் கை குளிர்ந்திருந்தது.

“மெல்லக் கதையும்.”

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“என்ரை மருமகளும் உங்கடை பக்கம்தான். நோர்வூட். ரெண்டு வரியமா நான் அவளை வீட்டு வாசல் மிதிக்க விடேல்லை. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது, மகன் வெளிநாட்டிலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். விடியக் களுபோவில ஆஸ்பத்திரியிலை அவளுக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு.”

மேடையில் ஃபோட்டோவுக்கு நிற்க யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

“அஞ்சு மணிக்குப் பாக்க விடுவினம். நான் போகப் போறன். உள்ளை போய் அவளோடை முதல் என்னத்தைக் கதைக்கிறது எண்டுதான் தெரியேல்லை. நீர் ஒண்டு சொல்லித் தாருமன், பிள்ளை.”