பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை

“அப்பா, இன்னைக்கு எனக்கு வேல போனாலும் போயிரும்” என்று நாசரேத்தில் இருக்கும் அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு, ரெஜினா கண்டெய்னருக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

‘பள்ளிகளுக்கு நன்கொடை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்கள்’ என்றது காகிதம். உள்ளே உடைந்த திரைகளும் அறுந்த ஒயர்களும்தான் குவிந்து கிடந்தன. திருவொற்றியூர் சரக்கு யார்டில், கண்டெய்னர்களைச் சோதித்துக் கையெழுத்திடும் வேலைக்கு அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

“சீக்கிரம் கையெழுத்து போடும்மா. மொதலாளி கத்திகினு கீறாரு” என்றார் சூப்பர்வைசர் லட்சுமணன்.

“இது குப்பைண்ணே. உள்ள இருக்க செம்புக்காக இத எரிப்பாவ. அந்தப் புகைய பிள்ளைங்கதான் குடிக்கும். எண்ணூர் ஆலைப் புகையில இருக்கவரு, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம இன்னா? எம்பொண்ணு வீசிங்கோடதான் இஸ்கோலு போவுது.”

“பொறவு எப்படிண்ணே போடச் சொல்லுதிய?”

லட்சுமணன் சிரித்தார். “நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? இது நம்மூருக்கு வந்த பெட்டியா? இங்கேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போற பெட்டி. அந்தூரு புகை நம்ம மூக்குல ஏறுமா?”

“அங்கயும் ஒரு எண்ணூர் இருக்கும்லாண்ணே.”

லட்சுமணனின் சிரிப்பு நின்றது. ‘அனுப்பக் கூடாது’ என்று ரெஜினா எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.